கால் சென்டரில் சம்பளம் கேட்ட அனுபவம்: கடலூர், புதுச்சேரிக்காரர்களும் எழுதுங்கள்

திருப்பாப்புலியூரிலிருந்து:

2017 ஜூன் முதல் 2020 மார்ச் வரை புதுச்சேரியில் ஒரு கால் சென்டரில் தமிழ் பிராசஸில், அதாவது தமிழில் பேசுகிற பிரிவில் இருந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், என்னோடு உட்கார்ந்தவர்கள் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். டிடிஎச் ரீசார்ஜ் பண்ணியும் படம் வரவில்லை என்று கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. சாதாரண நாளில் 110 கால், ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் மூச்சு விட நேரமிருக்காது.

கடலூரிலிருந்து நாங்கள் மூன்று பெண்கள் ஒரே பஸ்ஸில் போவோம். ஒன்றரை வருஷம் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போயும் ஒருவர் சம்பளம் இன்னொருவருக்குத் தெரியாது. சேர்ந்த அன்றே எச்ஆர் மேடம் "சம்பளத்தை யாரிடமும் பேசக்கூடாது, பேசினால் வேலை போகும்" என்று சொல்லியிருந்தார், நாங்களும் அதை ஏதோ சட்டம் போல நம்பிவிட்டோம். 2019 தொடக்கத்தில் ஒரு நாள், கன்னியக்கோவில் தாண்டும்போது, என் பக்கத்தில் இருந்தவள் போனில் தன் பே ஸ்லிப்பைத் திறந்து காட்டினாள். அவளுக்குக் கையில் வருவது 9,800. எனக்கு 11,200. மூன்றாமவளுக்கு 12,000, அவள் எங்கள் இருவருக்கும் பின்னால் சேர்ந்தவள். மூன்று பேருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே கியூ, ஒரே டார்கெட். அன்றைக்கு மரப்பாலம் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்கு அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தோம். ஷிப்ட் 7 மணிக்கு என்றால் 6:40-க்கே சீட்டில் இருக்க வேண்டும். சிஸ்டம் ஆன் ஆகி, நாலைந்து டூல் திறந்து, 7:00-க்கு முதல் கால் எடுக்கத் தயாராக இருக்க வேண்டும், ஆனால் நேரம் 7:00-இலிருந்துதான் ஓடும். 20 நிமிஷம் இரண்டு டீ குடிக்கும் நேரம்தானே என்று தோன்றும். மாதம் 26 நாளுக்குப் பெருக்கிப் பாருங்கள், 520 நிமிஷம், 8 மணி 40 நிமிஷம் வருகிறது. மாதத்தில் ஒரு முழு நாளுக்கும் மேல் சம்பளமில்லாமல் உழைத்திருக்கிறோம். ஆனால் 6:45-க்கு வந்தால் அரை நாள் எல்ஓபி, அதாவது சம்பளமில்லா லீவு போடுவார்கள்.

பெரிய அதிர்ச்சி பிஎஃப் என்கிற வருங்கால வைப்பு நிதிதான். பே ஸ்லிப்பில் மாதாமாதம் 12 சதவீதம் பிடித்திருக்கிறது. யூஏஎன் என்கிற பிஎஃப் உறுப்பினர் நம்பரை ஆக்டிவேட் பண்ணி பாஸ்புக் பார்த்தால் ஐந்து மாதமாக ஒரு ரூபாயும் கட்டவில்லை. அதே வாரம், ஹெட்செட் போட்டுப் போட்டு காதில் சீழ் வைத்துவிட்ட, எங்களோடு வேலை பார்த்த ஒரு தங்கையை கோரிமேடு இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். கவுன்டரில் அவள் நம்பரைப் போட்டுப் பார்த்துவிட்டு சந்தா வந்ததாகக் காட்டவில்லை என்றார்கள். சம்பளத்தில் பிடித்தது பே ஸ்லிப்பில் அச்சாகி இருக்கிறது, அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அங்கேயே அழுதாள். சம்பளம் குறைவு என்பதைப் பொறுத்துக்கொண்டு இருந்தவர்கள்கூட இதைப் பொறுக்கவில்லை.

முதலில் வாட்ஸ்அப் குரூப் போட்டோம், அது தப்பு. மூன்றே நாளில் ஸ்கிரீன்ஷாட் மேலே போய்விட்டது, அதிகம் எழுதிய இரண்டு பேரை நைட் ஷிப்டுக்கு மாற்றினார்கள். அப்புறம் போனில் எதுவும் பேசுவதில்லை, ஞாயிற்றுக்கிழமை பொட்டானிக்கல் கார்டனில் நேரில் சந்திப்போம். எங்களில் ஒருத்தியின் அப்பா முதலியார்பேட்டை ஏஎஃப்டி மில்லில் இருந்து ரிட்டயர் ஆனவர், அவர் இரண்டு முறை வந்தார். 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் மில் தொழிலாளிகள் 12 பேர் செத்ததையும், தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா காலத்துப் போராட்டத்தையும், எட்டு மணி நேர வேலை இந்த ஊருக்கு எப்படி வந்தது என்பதையும் சொன்னார். அந்த ஏஎஃப்டி மில் சுவரைத் தாண்டித்தான் நான் அப்போது தினமும் பஸ்ஸில் போனேன், இது எதுவும் எனக்குத் தெரியாது.

சங்கமே பதிவு பண்ணிவிடலாம் என்று ஆசைப்பட்டோம். அப்போது இருந்த 1926 தொழிற்சங்கச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டியிருந்தது, அதோடு அந்த இடத்தில் வேலை பார்க்கிறவர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது. எங்கள் ஆபீஸில் 140 பேர், ஆகவே 14 பேர் தேவை. எங்களிடம் 11 பேர். மூன்று பேருக்காக இரண்டு மாதம் அலைந்தோம், கிடைக்கவில்லை. வரமாட்டேன் என்றவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இல்லை. ஒருவர் வீட்டில் அவர் சம்பளம் மட்டும்தான், இன்னொருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகி இருந்தது.

பதிவு இல்லாவிட்டால் என்ன, 11 பேரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள் என்றார் மில் ஐயா. இரண்டு காப்பி, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று சீலும் தேதியும் வாங்காமல் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். நாங்கள் கேட்டது பிஎஃப், இஎஸ்ஐ பாக்கி, லாகின் 20 நிமிஷத்துக்குக் கூலி, ஒரே வேலைக்கு ஒரே சம்பளம், பிரேக் நேரத்தில் கை வைக்காதது. கொடுத்த மறுநாளே ஒவ்வொருவராக ரூமுக்குக் கூப்பிட்டார்கள். "யார் சொல்லிக் கொடுத்தது?" என்பதுதான் முதல் கேள்வி. "பதினோரு பேரும் சேர்ந்து எழுதினோம் சார், சேர்ந்தே பேசுறோம்" என்று எல்லோரும் ஒரே பதில் சொல்வதாக முன்பே பேசி வைத்திருந்தோம். எனக்குக் குரல் நடுங்கியது, ஆனாலும் சொல்லிவிட்டேன். இரண்டு பேர் கையெழுத்தை வாபஸ் வாங்கினார்கள்.

மீதி ஒன்பது பேர் தொழிலாளர் துறைக்குப் போனோம். இங்கே நான் செய்த ஒரு தவறு, மற்றவர்களுக்கு உதவட்டும்: முதலில் கடலூரில் உள்ள அலுவலகத்துக்குப் போய் அரை நாள் லீவை வீணடித்தேன். வீடு கடலூர் என்றாலும் வேலை நடக்கும் இடம் புதுச்சேரி, எல்லையில் இருக்கிற முள்ளோடைக்கு அந்தப் பக்கம் நடப்பதை அந்தப் பக்கத்து அலுவலகம்தான் பார்க்கும் என்று பொறுமையாக விளக்கி அனுப்பினார்கள். குறைந்தபட்சக் கூலியும் இரண்டு பக்கமும் வேறு வேறு, கடலூர் கணக்கை வைத்துப் புதுச்சேரியில் பேச முடியாது.

சமரச அதிகாரி முன்னால் இரண்டு தடவை பேச்சு நடந்தது. கம்பெனி தரப்பு "இவர்கள் எல்லாம் எக்ஸிகியூட்டிவ், தொழிலாளர்கள் இல்லை" என்றது. எங்கள் ஐடி கார்டில் கஸ்டமர் கேர் எக்ஸிகியூட்டிவ் என்றுதான் இருக்கும், உண்மை. ஆனால் அப்போது இருந்த தொழில் தகராறு சட்டம் பார்த்தது செய்யும் வேலையை. நாங்கள் யாரையும் மேற்பார்வை பார்க்கவில்லை, லீவு சாங்ஷன் பண்ணவில்லை, கால் எடுத்தோம், அவ்வளவுதான். இதைத்தான் அங்கே சொன்னோம். தமிழ்நாட்டில் ஐடி ஊழியர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும், அவர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-லேயே மாநில அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்தோம்.

கடைசியில் பிஎஃப் பாக்கியும் இஎஸ்ஐ பாக்கியும் இரண்டு மாதத்தில் கட்டப்பட்டது. 2019 அக்டோபரிலிருந்து லாகின் நேரம் 6:40 என்று கணக்கானது. 9,800 வாங்கியவளுக்கு 11,000 ஆனது. மற்றவர்களுக்குச் சம்பளம் ஏறவில்லை. எனக்கு மட்டும் தொடர்ந்து மூன்று மாதம் குவாலிட்டி ஸ்கோர், அதாவது கால் பேசுகிற தரத்துக்குப் போடும் மார்க் விழுந்தது, 2020 மார்ச்சில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வலித்தது, இப்போதும் வலிக்கிறது. உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

அரியாங்குப்பத்திலிருந்து:

அக்கா, நான் லோன் கலெக்‌ஷன் பிராசஸ். எங்கள் பிரச்சினை பாத்ரூம். ஆக்ஸ் போட்டு, அதாவது சிஸ்டத்தில் பிரேக் என்று குறித்துவிட்டு எழுந்தால் டிஎல் (டீம் லீடர்) ஸ்கிரீனில் சிவப்பாகக் காட்டும், மூன்று நிமிஷம் தாண்டினால் ஃப்ளோர் முழுக்கக் கேட்கிற மாதிரி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள், இரண்டு பேருக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வந்தது. அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படித்தால் 15 நிமிஷம் இரண்டு பிரேக், அரை மணி சாப்பாடு என்று தெளிவாக இருக்கிறது, யாருமே அதை முழுசாக எடுத்ததில்லை. ஒரு திங்கட்கிழமை எங்கள் வரிசையில் இருந்த 16 பேரும் லெட்டரில் உள்ளபடி, முழு நேரமும், ஒரு நிமிஷம் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் எடுத்தோம். கத்தவில்லை, வேலையை நிறுத்தவில்லை. மத்தியானத்துக்குள் டயலர் (நம்பரைத் தானாகப் போடும் சிஸ்டம்) கணக்கு பாதாளத்துக்குப் போய் மேனேஜரே இறங்கி வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் லெட்டரை டேபிள் மேல் வைத்தோம். அடுத்த வாரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்றது. இன்சென்டிவ் பாக்கி மட்டும் இன்று வரை வரவில்லை, மூன்று மாதத்துக்கு 7,500.

தவளக்குப்பத்திலிருந்து:

நான் கேப் ஓட்டினேன், கால் எடுத்தவன் இல்லை. ராத்திரி 2 மணி டிராப்பில் கடைசிப் பெண்ணை ரோட்டு முனையில் இறக்கிவிட்டு அடுத்த டிரிப்புக்கு ஓடச் சொல்வார்கள், உள்ளே போனால் டீசல் கூட ஆகுமாம். பாகூர் பக்கம் ஒரு பெண்ணை நாய் துரத்தி விழுந்தாள். அதற்கப்புறம் அவர்கள் எல்லோரும் சேர்ந்து, வாசலில் விட்டு உள்ளே லைட் எரிந்ததும்தான் கிளம்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் நாலு டிரைவரும் அதே தாளில் கீழே கையெழுத்துப் போட்டோம். நடந்தது.

லாஸ்பேட்டையிலிருந்து:

எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நான் ஆறு வருஷம் டீம் லீடர். யார் யார் சேர்ந்து டீ குடிக்கப் போகிறார்கள், யார் பேசினால் மற்றவர்கள் கேட்கிறார்கள் என்று லிஸ்ட் கேட்டார்கள், நான் கொடுத்தேன். அதில் இருந்த இரண்டு பேர் அந்த மாதமே வெளியே போனார்கள். எனக்கு அவர்களைவிட 4,000 ரூபாய் கூட, அதற்காகச் செய்தேன். ஒருவரை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டேன், இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

முதலில் எழுதிய சகோதரிக்குக் குவாலிட்டி ஸ்கோர் விழுந்தது எப்படி என்று எனக்குத் தெரியும். ஒருவர் மாதத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் கால் எடுக்கிறார், தரம் பார்க்கிற கியூஏ கேட்டு மார்க் போடுவது நாலோ ஐந்தோ. எந்த நாலு என்பதை யார் தேர்ந்தெடுக்கிறார்களோ அவர்கள் கையில்தான் ஸ்கோர். கஸ்டமர் கத்திய கால், சிஸ்டம் தொங்கி ஹோல்டு நீண்ட கால், இவற்றை மட்டும் எடுத்தால் எவ்வளவு நல்ல ஊழியரும் கீழே போய்விடுவார். ஸ்கோர் குறைந்தால் எந்தெந்தக் கால் ஐடி, யார் தேர்ந்தெடுத்தது, அந்த ரெக்கார்டிங்கை நான் கேட்க வேண்டும் என்று மெயிலில் கேளுங்கள். நேரில் வாயால் கேட்காதீர்கள். மெயில் வந்தால் நாங்கள் பயப்படுவோம், இது உள்ளே இருந்தவன் சொல்வது.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

அக்கா நான் இப்போது ஒர்க் ஃப்ரம் ஹோம், கம்பெனி புதுச்சேரியில். சேரும்போது டிகிரி ஒரிஜினல் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே வரணும்னா 30,000 கட்டு, இல்லாவிட்டால் ரிலீவிங் லெட்டர் கிடையாது என்கிறார்கள். அப்பாயின்ட்மென்ட் லெட்டரே எனக்குத் தரவில்லை. வீட்டில் அப்பாவுக்குச் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது.

திருப்பாப்புலியூரிலிருந்து, மறுபடியும்:

லாஸ்பேட்டை அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுதியதற்கு நன்றி, அந்த மெயில் விஷயம் அப்போது எனக்குத் தெரிந்திருக்கலாம்.

நெல்லிக்குப்பம் தங்கச்சி, பயப்படாதே. சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதுதான் முறை, பிடித்து வைக்க அது அவர்கள் சொத்து இல்லை. எந்தத் தேதியில் எதைக் கொடுத்தாய் என்று எழுதி, திருப்பித் தரச் சொல்லி முதலில் ஒரு மெயில் போடு. அவர்கள் போனில் மிரட்டினாலும் மெயிலிலேயே பதில் கேள். 2025 நவம்பர் 21-இலிருந்து புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதன்படி எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும், ராஜினாமா செய்தாலும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். அந்தத் தொகுப்புகளில் எங்களைப் போன்றவர்களுக்குப் பிடிக்காததும் நிறைய இருக்கிறது, அது வேறு பேச்சு, உனக்கு உதவுவதை நீ பிடித்துக்கொள். இன்றைக்கே உமங் ஆப்பில் உன் பிஎஃப் பாஸ்புக்கைப் பார், யூஏஎன் உன்னுடையது, கம்பெனி மாறினாலும் கூட வரும்.

உன்னைப் போல ஒரிஜினல் கொடுத்தவர்கள் இன்னும் எத்தனை பேர் உனக்குத் தெரியும்?

நெல்லிக்குப்பத்திலிருந்து:

என் பேட்ச்சில் மூன்று பேர் அக்கா. ஒருத்தி பண்ருட்டி, ரெண்டு பேர் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்).

திருப்பாப்புலியூரிலிருந்து:

சரி. ஞாயிறு காலை 10 மணிக்கு மஞ்சக்குப்பம் மைதானத்துப் பக்கம் வந்துவிடு, மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வா. நாலு பேருடைய பே ஸ்லிப்பையும் பிரின்ட் எடுத்து வாருங்கள், முதலில் அதை ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வோம், அப்புறம் உட்கார்ந்து எழுதலாம்.