டீப் ஃப்ரீசரில் 3 சோடா கெக், 6 டியூப், ஒரே சிக்கல்: எப்படி ஒழுங்கு செய்வது?

மண்டபம்சர்பத்:
சர்பத் கடைக்கு 300 லிட்டர் டீப் ஃப்ரீசர் ஒன்றை வெளி தெர்மோஸ்டாட் போட்டு 4 டிகிரியில் ஓட்டுகிறேன். உள்ளே 19 லிட்டர் கார்னி கெக் (அழுத்தத்தில் பானம் அடைக்கிற ஸ்டீல் உருளை) மூன்று: வெறும் சோடா, நன்னாரி, இஞ்சி எலுமிச்சை. மூடிக்குக் கீழே மரச்சட்டம் உயர்த்தி அதில் பானம் பிடிக்கிற குழாய், அதாவது டேப். சோடா டியூப் ஒவ்வொன்றும் 7 மீட்டர், உள்விட்டம் 5 மி.மீ. அதோடு சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வருகிற கேஸ் டியூப் மூன்று. கெக் மாற்றும்போது எல்லாம் பின்னிக்கொள்கிறது, எங்காவது மடிந்து அடைக்கிறது. முதல் டம்ளர் முழுக்க நுரைதான். க்ளிப்பெல்லாம் துரு. வீடியோக்களில் 2 மீட்டர்தான் போடுகிறார்கள். வெட்டிவிடலாமா?

பாம்பன்காத்து:
வெட்டாதீங்க அண்ணே. அந்த வீடியோக்கள் பியருக்கு. அதற்கு கேஸ் அழுத்தம் 10, 12 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) போதும், அதனால் 2, 3 மீட்டரில் சமாளிக்கிறார்கள். சோடாவுக்கு 4 டிகிரியில் 30 பி.எஸ்.ஐ. வைத்தால்தான் சுருக்கென்று இருக்கும். அந்த அழுத்தத்தை டேப்புக்கு வருமுன் குறைப்பதே டியூப்பின் நீளம்தான். 2 மீட்டராக்கினால் டம்ளரில் நுரையைத் தவிர எதுவும் வராது.

சுருட்டுகிற விதத்தை மாற்றுங்கள். 20 செ.மீ. அகல வளையமாகச் சுற்றினால் 7 மீட்டருக்கு 11 சுற்று வரும். டேப் பக்கம் முக்கால் மீட்டர் விட்டுவிட்டு மீதியைச் சுற்றி, அந்தந்தக் கெக்கின் தலையிலேயே படுக்க வையுங்கள். சுவரில் மாலை மாதிரி தொங்கவிட்டால் மேல் வளைவில் கேஸ் பிரிந்து நிற்கும், டேப்பைத் திறந்ததும் துப்பும். கட்டுவதற்கு வெல்க்ரோ பட்டை, நாலு இடத்தில், விரல் நுழைகிற தளர்வில். கேபிள் டையை இறுக்கி இழுத்தால் டியூப் நசுங்கும், அந்த இடத்திலிருந்தே நுரை கிளம்பும்.

டியூப்பை ஒரே திசையில் வலுக்கட்டாயமாகச் சுற்றினால் முறுக்கு ஏறி, பிரிக்கும்போது மடியும். மீன்பிடி வல்லத்தில் கயிறு சுருட்டுகிறவர் கையைக் கவனித்துப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் மணிக்கட்டை லேசாகத் திருப்பி முறுக்கை விடுவிப்பார். அதே கைவாகுதான்.

முதல் டம்ளர் நுரைக்குக் காரணம் வேறு. குளிர்ந்த காற்று அடியில் தங்கிவிடும், மரச்சட்டம் பக்கம் சூடாகவே இருக்கும். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்றை அடியிலிருந்து மேலே ஊதுகிற மாதிரி வையுங்கள். கேஸ் டியூப்பில் அடையாளத்துக்குச் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டி, பின்சுவர் ஓரமாகத் தனியாக ஓட்டிவிடுங்கள். அதற்கு நீளம் தேவையில்லை, 1 மீட்டர் போதும்.

உப்புக்காத்து:
க்ளிப் விஷயம். கடையில் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று தருகிற ஹோஸ் க்ளிப்பில் பெரும்பாலும் பட்டை மட்டும்தான் ஸ்டெயின்லெஸ், திருகு சாதா இரும்பு. நம் கரையோரத்தில் அந்தத் திருகுதான் முதலில் போகும். காந்தம் வைத்துப் பாருங்கள், திருகு பளிச்சென்று ஒட்டினால் வேண்டாம். திருகே இல்லாமல் இடுக்கியால் நெருக்கி மாட்டுகிற ஒற்றைக் காது க்ளாம்ப் இன்னும் நல்லது, நீட்டிக்கொண்டு பக்கத்து டியூப்பைக் கீறாது.

லீக் பார்க்க சோப்புத் தண்ணீர். சிலிண்டர் வால்வை மூடிவிட்டு ரெகுலேட்டரின் அழுத்தமானி முள் இறங்குகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் புதிதாக நிரப்பிய கெக்கில் பார்க்காதீர்கள், தண்ணீர் கேஸை உறிஞ்சுவதாலேயே முள் இறங்கும். காலிக் கெக்கில் பாருங்கள். கேஸ் டியூப்புக்கு ஒன்று வீதம் நான்-ரிட்டர்ன் வால்வும் (ஒரு பக்கம் மட்டும் விடுகிற வால்வு) போடுங்கள். இல்லையென்றால் அழுத்தம் குறையும்போது நன்னாரி ஏறி ரெகுலேட்டருக்குள் போய்விடும், அதைக் கழுவி எடுப்பது பெரும்பாடு.

மூடியைத் திறக்கும்போதெல்லாம் ஈரக்காற்று உள்ளே வந்து அடியில் தண்ணீர் தேங்கும். ஈரத்தை உறிஞ்ச பீரோவுக்கு வைக்கிற கால்சியம் குளோரைடு டப்பாவை இதற்குள் வைக்கவே கூடாது. அது கரைந்து கவிழ்ந்தால் ஃப்ரீசர் தகடு அரித்துப்போகும். சிலிக்கா ஜெல் வையுங்கள், வாரம் ஒருமுறை வாணலியில் லேசாகச் சூடாக்கினால் திரும்ப வேலை செய்யும். இரவு ஷட்டர் போடுமுன் சிலிண்டர் வால்வை மூட மறக்காதீர்கள். அடைத்த கடைக்குள் கேஸ் கசிந்தால் காலையில் திறக்கிறவருக்கு ஆபத்து.

கீழக்கரைகூலிங்:
நன்னாரி ஓடிய டியூப்பை ஆயுசுக்கும் நன்னாரிக்கே ஒதுக்குங்கள். பி.வி.சி. அந்த வாசனையை உறிஞ்சிக்கொள்ளும், எந்தக் கழுவலிலும் போகாது. கெக்கின் ஓ ரிங்கும் (ரப்பர் வளையம்) அப்படித்தான். அதனால் டியூப்பின் இரண்டு முனையிலும் பெயர் எழுதுங்கள்.

உபரி டியூப்பை எடுத்து வைப்பதற்கு: ஆர்.ஓ. தண்ணீரில் அலசுங்கள், போர் தண்ணீர் உப்பு. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் சோடியம் பெர்கார்பனேட் கலந்து 20 நிமிடம் நிரப்பி வைத்து, மறுபடி அலசி, கேஸால் ஊதித் தண்ணீரை வெளியேற்றுங்கள். இரண்டு முனையும் கீழே பார்க்கும்படி நிழலில் ஒருநாள் தொங்கட்டும். முழுதாகக் காய்ந்த பிறகுதான் முனைக்கு மூடி. மூடி இல்லாமல் விட்டால் சர்க்கரை வாசனைக்கு எறும்பு உள்ளே வரிசை கட்டும். ஈரத்தோடு பாலித்தீன் பையில் போட்டால் கறுப்புப் பூஞ்சை. ப்ளீச்சிங் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் கெக்கையும் அரிக்கும்.

மண்டபம்சர்பத்:
நன்றி. நன்னாரி மட்டும் மெதுவாக வருகிறதே, அதையும் வெட்டக்கூடாதா?

பாம்பன்காத்து:
அதை வெட்டலாம். சிரப் கலந்தது கெட்டி, வெறும் சோடாவைவிடத் தடுப்பு அதிகம். ஒரேயடியாக இல்லை, ஒரு தடவைக்கு 30 செ.மீ. வெட்டி, மாட்டி, ஒரு டம்ளர் பிடித்துப் பாருங்கள். 200 மில்லி நிறைய 6 முதல் 8 நொடி என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டிய முனை சாய்வில்லாமல் நேராக இருக்கட்டும், வெந்நீரில் அரை நிமிடம் முக்கினால் சுலபமாக ஏறும்.