கூத்து, மேளம், கோமாளி: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

சாட்ஸ்வொர்த் சித்தி:

என் அக்கா மகளுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போக நாங்கள் தயங்கியதே கிடையாது. வேப்பிலை, கற்பூரப் புகை, கையில் வெதுவெதுப்பான கூழ் என்று அவளுக்கு அங்கே எல்லாம் உண்டு. ராத்திரி தெருக்கூத்துக்கு மட்டும் ஆயா தடுத்துவிடுவார். "புள்ள என்னத்தப் பாக்கப் போவுது, பாவம்!" என்பார். போன ஆடியில் அக்கா கேட்கவில்லை. தூக்கிக்கொண்டு போய் முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தெருக்கூத்தை ஆங்கிலத்தில் 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்பார்கள். 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோர் கொண்டுவந்த ஆட்டம். இன்றைய பிள்ளைகளில் பலருக்குப் பாட்டின் தமிழ் புரியாது. அப்படியும் கதை போய்ச் சேர்கிறது என்றால் அதற்கு வேடக்காரருக்கு முன்னால் பிடிக்கும் திரைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ராஜா வேடம் சட்டென்று முன்னால் வந்து நிற்காது. இரண்டு பேர் துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்ள, வேடக்காரர் பின்னால் நின்று பாடுவார், சலங்கை அதிரக் காலைத் தட்டுவார். அந்த நேரத்தில் கூட்டம் முழுவதும் காதால்தான் அவரை அறிகிறது. என் பக்கத்தில் இருந்த அக்கா மகளும் அப்படித்தான். துரியோதனன் வெளியே வரும் முன்பே என் காதில் சொல்லிவிட்டாள்: "சித்தி, ஹீ இஸ் பிக். ஹீ இஸ் ஆங்ரி." திரை விலகியபோது அவள் சொன்ன ஆள்தான் நின்றார்!

கட்டியங்காரனை என்ன சொல்வது! ராஜாவையே கேள்வி கேட்டுக் கிண்டல் பண்ணும் கோமாளி அல்லவா? முகத்தைக் கோணலாக்கிக் காட்டியும் இவள் சிரிக்காததைக் கவனித்திருக்கிறார். உடனே ஆட்டத்தை மாற்றினார். சலங்கையை ஒலித்தபடி அவளைச் சுற்றி வந்தார், நின்றார், சத்தமே இல்லாமல் இடம் மாறி மறுபக்கத்தில் கொக்கரித்தார். அவள் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். பிறகு தன் கூம்புத் தொப்பியைக் கழற்றி அவள் மடியில் வைத்துவிட்டு, "ஐயோ, என் தொப்பியக் காணோமே!" என்று மேளத்துக்கு ஏற்பப் புலம்ப ஆரம்பித்தார். அவள் தொப்பியின் ஜிகினாவைத் தடவிப் பார்த்து, தலையில் மாட்டிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மெரிபேங்க் மாமா:

படித்ததும் எழுதத் தோன்றியது, தங்கச்சி. நான் மிருதங்கம் வாசிப்பவன். காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியில் வாசித்தேன். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து கொஞ்சம் கூடுதலாகவே அப்பினேன். அப்போதுதான் அடி கனமாக இறங்கும். பிள்ளைகளை மரப்பலகை மேல் வெறுங்காலோடு உட்கார வைத்து, கையில் ஊதிய பலூனைக் கொடுத்தோம். பலூன் அந்த அதிர்வை விரலுக்குக் கொண்டுவரும். ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் எவலின் கிளெனிக்குக் காது கேட்காது. அவரும் அதிர்வை வாங்கத்தான் வெறுங்காலோடு வாசிக்கிறார்.

ஒரு பையன் பலூனை விட்டுவிட்டு வந்து மிருதங்கத்தின் கட்டையிலேயே கன்னத்தை வைத்துக்கொண்டான். நான் நிறுத்தினால் என் முழங்கையைத் தட்டுவான்.

எல்லாப் பிள்ளைக்கும் இது பிடிக்காது. சத்தமும் அதிர்வும் சிலரைப் பதறவைக்கும். கூட்டிப்போகிறவர்கள் ஓரமாக, எழுந்து போக வழியுள்ள இடமாகப் பாருங்கள். கூத்துக்காரர்களிடமும் ஆட்டத்துக்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். நான் கேட்டவர்களில் யாரும் மறுத்ததில்லை.