கண்ணகியின் சிலம்பு உடைய மாட்டேன் என்கிறது

வணக்கம். ஹட்டன் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். வரும் வெள்ளிக்கிழமை பாடசாலைக் கலைவிழா. தரம் 7 படிக்கும் மகளுக்குக் கண்ணகி வேடம். சேலை, விரித்த கூந்தல் எல்லாம் சரி, சிலம்புதான் சிக்கல். பாண்டிமாதேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியுடையதில் மாணிக்கம். உடைந்ததும் சிவப்புப் பரல் சிதறாவிட்டால் வழக்காடும் காட்சிக்கே அர்த்தமில்லை. பரலுக்கு மஞ்சாடி விதை சேர்த்துவிட்டோம்.

கடதாசிக் கூழில் கோதுமை மாப் பசை கலந்து வளையம் செய்தேன். இந்த மழையிலும் மூடுபனியிலும் காயாமல் பூஞ்சணம் பிடித்தது. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டால் வெளியே காய்ந்து உள்ளே ஈரம். எறிந்தால் நசுங்குகிறதே தவிர உடையவில்லை. காட்போட் சிலம்பு பந்து மாதிரித் துள்ளியது (மகளுக்கு ஒரே சிரிப்பு). களிமண் உடைந்தது, ஆனால் சில்லெல்லாம் கூர். பிள்ளைகள் வெறுங்காலில் நடிக்கிறார்கள்.

ஈரக் காற்றிலும் காயக்கூடிய, எறிந்ததும் பிளக்கிற, காலைக் கீறாத சிலம்பை எதில் செய்யலாம்?