ஜப்பானிய வீ கருவியில் ஐரோப்பிய வட்டுகளை இயக்க வழி உண்டா?

ஈசூன்வாசி:
வணக்கம். பணி முடிந்து தாயகம் திரும்பிய ஜப்பானிய நண்பர் ஒருவர், தம் நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியை எனக்குத் தந்துவிட்டுச் சென்றார். அவர் வீட்டில் இயக்கிக் காட்டியபோது மென்பொருள் பதிப்பு 4.3ஜே (ஜே என்றால் ஜப்பான்) என்று இருந்தது. முகப்புத் திரைப் பட்டியல் (மெனு) முழுவதும் ஜப்பானிய மொழிதான். என்னிடம் இருப்பவையோ லண்டனிலிருந்து அக்கா அனுப்பிய ஐரோப்பிய விளையாட்டு வட்டுகள். வேற்று வட்டார வட்டுகளை இந்தக் கருவி ஏற்பதில்லை. ஐரோப்பியப் பட்டியலை மேலெழுதி நிறுவிவிட்டால் மொழியும் வட்டும் ஒருசேரச் சரியாகிவிடும் என்று ஒரு காணொளியில் சொல்கிறார்கள். செய்யலாமா? நண்பர் கருவியை ஒரு கனமான பெட்டி வழியாக மின்சாரத்தில் இணைத்திருந்தார். அது இடத்தை அடைக்கிறது என்பதால், இங்கே சிங்கப்பூரில் தேக்காவில் செருகி மாற்றி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

பழங்கருவி:
அந்தச் செருகியைத் தயவுசெய்து மாட்டிவிடாதீர்கள். ஜப்பானிய வீயோடு வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் சுவரில் வருவது 230 வோல்ட். செருகி மாற்றி முள்ளின் வடிவத்தை மாற்றுமே ஒழிய மின்னழுத்தத்தைக் குறைக்காது. குறைத்துக் கொடுத்தது நீங்கள் இடத்தை அடைக்கிறது என்று ஒதுக்கிய அதே பெட்டிதான். அது வேண்டாமென்றால், 230 வோல்ட்டில் இயங்கி 12 வோல்ட், 3.7 ஆம்பியர் தரும் வீ அடாப்டரை வாங்கிக்கொள்ளலாம்.

மென்பொருளைப் பொறுத்தவரை, 2010இல் வந்த 4.3 பதிப்புக்கு, நின்டெண்டோ அனுமதிக்காத மென்பொருளைக் கருவிக்குள் நுழைக்கும் லெட்டர்பாம் முறை போதும். இணைய அமைப்புகளில் தெரியும் மேக் முகவரியையும் (கருவியின் பிணைய அடையாள எண்) ஜே வட்டாரத்தையும் லெட்டர்பாம் தளத்தில் கொடுத்தால் ஒரு கோப்புத் தொகுப்பு கிடைக்கும். அதை எஃப்ஏடி32 என்ற கோப்பு வடிவில் உள்ள எஸ்டி அட்டையில் விரித்து வைத்து, அட்டையைக் கருவியில் செருகி, வீயின் செய்திப் பலகையைத் திறந்தால் குண்டுப் படம் போட்ட சிவப்பு உறை ஒன்று நிற்கும். இன்றைய தேதியில் தெரியாவிட்டால் முந்தைய நாளுக்குப் போய்ப் பாருங்கள். உறையைத் திறந்ததும் வருகிற நிறுவியின் முதல் திரை, இதற்கு நீங்கள் பணம் கொடுத்திருந்தால் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள் என்று எச்சரிக்கும். கருவியை மாற்றித் தருகிறேன் என்று காசு கேட்பவர்களுக்காகவே எழுதப்பட்ட வாசகம் அது.

அத்தகைய மென்பொருள்களை இயக்கும் ஹோம்புரூ சேனலோடு, நினைவகத்தைப் பிரதி எடுக்கவும் மீட்கவும் உதவும் பூட்மீயையும் நிறுவி, வேறு எதையும் தொடுவதற்கு முன் கருவியின் உள்ளே இருக்கும் 512 எம்பி நாண்ட் நினைவகத்தை முழுமையாகப் பிரதி எடுத்துவிடுங்கள். பூட்மீ திரையில் வீ ரிமோட் வேலை செய்யாது. கருவியின் முகப்பில் உள்ள பொத்தான்களால் நகரலாம். பிரதி எடுக்கும்போது சில நினைவகக் கட்டங்கள் பழுதெனக் காட்டினால் பதற வேண்டாம், ஆலையிலிருந்தே அப்படி வருபவை உண்டு.

ஜூரோங்காரன்:
ஐரோப்பியப் பட்டியலை மேலெழுதுவது குறித்து என் அனுபவத்தைச் சொல்கிறேன். 2011இல் நானும் இதைத்தான் செய்தேன், பிரதியும் எடுக்கவில்லை. நிறுவல் வெற்றி என்று திரை சொன்னது. மறுமுறை இயக்கியபோது கறுப்புத் திரையைத் தவிர ஒன்றும் வரவில்லை. பட்டியலும் கருவியின் வட்டாரக் குறிப்பும் பொருந்தாவிட்டால் இப்படியும் ஆகலாம். கடைசியில் அது பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரின் வண்டியில் ஏறியது.

அதற்குப் பதிலாக உங்களுக்குத் தேவை, கருவி தொடங்கும்போதே இயங்கும் பிரைலோடர் என்ற மென்பொருள் மட்டுமே. ஹோம்புரூ சேனல் வழியாக அதை நிறுவலாம். அதன் அமைப்புகளில் வட்டாரத் தடையை நீக்கும் தேர்வையும், வட்டுவழிப் புதுப்பிப்பைத் தடுக்கும் தேர்வையும் இயக்கிவையுங்கள். இரண்டாவதை மறக்காதீர்கள், வேற்று வட்டார வட்டில் இருக்கும் புதுப்பிப்பே கருவியைக் கெடுத்துவிடக்கூடும். பட்டியல் ஜப்பானிய மொழியிலேயே இருக்கும், ஆனால் விளையாட்டு வட்டில் உள்ள மொழியில்தான் ஓடும்.

பழங்கருவி:
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பிரைலோடர் இருந்தால், ரீசெட் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி இயக்கும்போது அதன் திரை முதலில் வரும். பட்டியல் பழுதானாலும் உள்ளே நுழைய அந்த வழி இருக்கும். மற்றபடி, பிறர் விளையாட்டுகளை நகலெடுக்கும் எண்ணம் இருந்தால் நம் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை முதலில் படித்துவிடுங்கள்.

ஈசூன்வாசி:
இருவருக்கும் நன்றி. அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் 230 என்றும் 100 என்றும் எழுதியிருக்கிறது. நேற்றிரவு பிரதி எடுத்து மடிக்கணினியில் சேமித்துவிட்டேன், மூன்று பழுதான கட்டங்கள் மட்டுமே காட்டின. பிரைலோடர் வழியாக அக்கா அனுப்பிய முதல் வட்டு ஓடிவிட்டது. ரிமோட்டின் பேட்டரிதான் பாதியில் காலியானது.