பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

மகள், விருதுநகர்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தபோது, மறுபடி நடப்பாரா என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் கவலை. மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது பிசியோவுக்கு ஆள் சொல்லி அனுப்பினார்கள். பேச்சைப் பற்றிக் கேட்டால் "அது தானா வந்துடும்மா" என்றார்கள். வரவில்லை. அவரிடம் மிஞ்சியது "அதான்" என்ற ஒரே சொல். பசித்தால் அதான், கோபம் வந்தால் அதான், பேத்தி ஓடிவந்தால் சிரித்துக்கொண்டே அதான். 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் பார்த்த நோயாளி எதைக் கேட்டாலும் "டான்" என்றுதான் சொல்வாராம். அவர் இறந்த பிறகு மூளையின் இடது முன்பகுதியில் சேதம் இருந்ததைப் புரோக்கா கண்டார் என்று பின்னால் படித்தேன். அப்பாவின் ஸ்கேனில் டாக்டர் காட்டியதும் கிட்டத்தட்ட அந்த இடத்தைத்தான்.

பார்க்க வந்தவர்கள் காதருகில் வந்து கத்திப் பேசினார்கள். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். சிலர் "மாமா, நான் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று பரீட்சை வைத்தார்கள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். "அண்ணனுக்குப் புத்தி கலங்கிடுச்சு" என்று அத்தை அடுக்களையில் அம்மாவிடம் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை. இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. மூளை அடிபட்டுப் பேச்சு இப்படிப் போவதற்கு அஃபேசியா என்று பெயர். அதில் அறிவு போவதில்லை, ஆளும் மாறுவதில்லை. நினைப்பதைச் சொல்லாக்கும் வேலையும், கேட்பதைப் புரிந்துகொள்ளும் வேலையும்தான் அடிபடுகின்றன. வீட்டில் உள்ளவர்களுக்கு யாராவது இதை முதல் நாளே உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

அப்புறம் மதுரையில் ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் போனோம். முதல் நாள் வெகுநேரம் அவர் அப்பாவைப் பேசச் சொல்லவே இல்லை. "பேனாவைக் காட்டுங்க" என்றார், காட்டினார். "சாவியை எடுத்து நோட்டு மேல வச்சுட்டு ஜன்னலைக் காட்டுங்க" என்றதும் பாதியில் நின்றுவிட்டார். எங்களுக்கு அதுவே புதுச் செய்தி. எல்லாம் புரிகிறது என்று நினைத்திருந்தோம், நீளமாகச் சொன்னால் நழுவுகிறது என்று அன்றுதான் தெரிந்தது. கடைசியில் அவரே ஒன்று, இரண்டு என்று எடுத்துக் கொடுக்க, அப்பா மூணு, நாலு, அஞ்சு என்று பத்துவரை தடையில்லாமல் சொன்னார். அம்மா அழுதுவிட்டார். எண், கிழமை, சாமி பாட்டு, வசவு இதெல்லாம் பழக்கத்தில் தானாக வருபவை, நினைத்ததைச் சொல்கிற பேச்சுக்கு இனிமேல்தான் உழைக்க வேண்டும் என்று பயிற்சியாளர் அம்மாவிடம் பக்குவமாக விளக்கினார்.

ஆப்பிள், சிங்கம், விமானம் என்று படம் போட்ட அட்டைகளை அப்பா தள்ளிவிட்டார். ஆயுசு முழுக்க இரும்புக்கடை நடத்தியவர், அவருக்குச் சிங்கம் எதற்கு? "கடையிலிருந்து சாமான் கொண்டுவாங்க" என்றார் பயிற்சியாளர். தாழ்ப்பாள், கீல், அரம், ஆணி, போல்ட்டு எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனோம். கீலைக் கையில் கொடுத்துவிட்டு, அதன் பெயரைக் கேட்காமல் சுற்றிச்சுற்றிக் கேட்டார். இதை எங்க மாட்டுவீங்க? இரும்பா பித்தளையா? இது வாங்க வர்றவங்க கூடவே வேற என்ன வாங்குவாங்க? அப்பா "கத... கதவு" என்றார். "திருகாணி" என்றார். அப்புறம் "கீ" என்று இழுத்து நின்றார். பயிற்சியாளர் வாயைத் திறக்கவில்லை, எங்களையும் திறக்கவிடவில்லை. "கீல்" வந்தது. ஒரு சொல்லைச் சுற்றி இருக்கிற சொற்களையெல்லாம் தட்டி எழுப்பினால் அந்தச் சொல்லுக்கு வழி பிறக்கும் என்பதுதான் அந்த முறையாம்.

இப்போது அப்பா இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறார். வேற்றுமை உருபு, வினை முற்று எதுவும் இருக்காது. "பேத்தி... ஸ்கூல்... மழை" என்பார். குடை கொடுத்துவிட்டீர்களா என்று கேட்கிறார் என்று எங்களுக்குப் புரியும். உங்கள் வீடுகளில் எப்படி நடந்தது என்று எழுதுங்கள்.

மனைவி, கோயம்புத்தூர்

எங்கள் கதை இதற்கு நேர் எதிர். என் கணவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்தபின் கை கால் நன்றாக இருந்தது, பேச்சும் நிற்கவில்லை. தூரத்திலிருந்து கேட்டால் சாதாரணமாகப் பேசுவதுபோலவே ஏற்ற இறக்கத்தோடு இருக்கும். பக்கத்தில் போனால் ஒன்றும் புரியாது. "அந்த லெட்ஜரை ஊத்தி வச்சா நாளைக்கு சிமிட்டுவாங்க" என்பார். இல்லாத சொற்களும் நடுவில் வரும். தான் பேசுவது தப்பு என்று அவருக்குத் தெரியாது. அதனால் நமக்குப் புரியவில்லை என்றால் கோபம் தலைக்கேறும். முதலில் மனநல மருத்துவரிடம்தான் கூட்டிப்போகச் சொன்னார்கள். நரம்பியல் மருத்துவர்தான் இது அஃபேசியாவில் வெர்னிக்கே என்ற வகை, மூளையின் இடப்பக்கம் பின்னால், கேட்பதைப் புரிந்துகொள்ளும் இடத்தில் அடி என்றார்.

இவருக்குப் பேச வைக்கும் பயிற்சியைவிட நிறுத்திக் கேட்க வைக்கும் பயிற்சியே முதலில் நடந்தது. நான் பேசும் முன்னால் எதைப் பற்றி என்று அறிவிக்க வேண்டும். "சாப்பாடு" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டிவிட்டு, தட்டையும் காட்டி, "தோசையா, இட்லியா?" என்று அவ்வளவுதான் கேட்பேன். ஒரு வாக்கியத்துக்கு ஒரு விஷயம். அவர் தடம் மாறிப்போனால் கையை மெல்ல உயர்த்தித் தாளைக் காட்டுவேன். திருத்தி வாதாடினால் சண்டையில்தான் முடியும். கேட்டுப் புரியாததை எழுத்தில் பார்த்தால் சில நேரம் புரிகிறது. நாளிதழ்த் தலைப்பை நான் படிக்க, அவர் அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். காலையில் காபிக்குப் பிறகு இதுதான் எங்கள் வேலை. முன்னேற்றம் மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வருகிறது. சொன்னது எனக்குப் புரியவில்லை என்று இப்போது அவரே கண்டுகொள்கிறார், வேறு மாதிரி சொல்லிப் பார்க்கிறார்.

மகன், டொராண்டோ

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு இருக்கிறா. ஆங்கிலம் தெரியாது. கதைக்க ஏலாமல் போனபிறகு கிடைத்த பயிற்சியாளர் நல்ல பிள்ளை, ஆனால் அவவுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்தார். அம்மா "தம்பி... கரண்டி... வெட்டினது" என்று சொன்னால், அவர் அதைச் சீராக்கி "என் மகன் கத்தியால் வெட்டினான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிடுவார். அவருக்கு அது மரியாதை. பயிற்சியாளருக்கோ கத்திக்குப் பதில் கரண்டி வந்ததும், "வெட்டினான்" என்பது "வெட்டினது" ஆனதும்தான் தேவை. எங்கே பிசகுகிறது என்று தெரிந்தால்தானே பயிற்சி கொடுக்கலாம்? அதற்குப் பிறகு அம்மா சொல்வதை ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு சொல்லாக, பிழை உட்பட எழுதிக் கொடுக்கத் தொடங்கினேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் மொழிபெயர்ப்பாளரிடம் முதலே சொல்லிவிடுங்கள்: திருத்த வேண்டாம், வந்தபடி சொல்லுங்கள்.

இங்கே அஃபேசியா இன்ஸ்டிடியூட் என்று ஒரு இடம் இருக்கிறது. ஆரா கேகன் என்பவர் அங்கே வளர்த்தெடுத்த உரையாடல் முறையைக் குடும்பத்தினருக்கும் கற்றுத் தருகிறார்கள். "உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்" என்பதை வாய்விட்டுச் சொல்லித் தொடங்குவதும், பேனாவும் தாளும் எப்போதும் மேசையில் இருப்பதும் அதில் முக்கியம். ஓம், இல்லை, கேள்விக்குறி மூன்றையும் தடித்த எழுத்தில் எழுதி அம்மாவின் முன் வைத்தேன். வாயால் ஓம் என்றும் இல்லை என்றும் மாற்றிச் சொல்லுறவ, விரலால் சரியாகத் தொட்டா. ஊர்க் காணியை விற்பதா வேண்டாமா என்று கேட்டதற்கு "இல்லை"யைத் தொட்டுவிட்டு விரலை எடுக்கவே இல்லை. காணி இன்னும் அவவின் பெயரில்தான் இருக்கு.

பேச்சுப் பயிற்சியாளர், சென்னை

எல்லோருடைய அனுபவத்தையும் படித்தேன். என்னிடம் வரும் குடும்பங்கள் வழக்கமாகக் கேட்கும் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நாக்கில் வசம்பு தேய்க்கலாமா, தேன் தடவலாமா என்று கேட்கிறார்கள். அஃபேசியா நாக்கின் கோளாறு இல்லை. நாக்கு, உதட்டுத் தசைகள் தளர்ந்து பேச்சு குழறுவது டிசார்த்ரியா என்ற வேறு பிரச்சினை. இரண்டும் சேர்ந்தும் வரலாம், அப்போதும் வசம்பு உதவாது. அதைவிட முக்கியம், பக்கவாதம் வந்த பலருக்கு விழுங்குவதிலும் சிக்கல் இருக்கும். வாயில் வைப்பது எதுவானாலும் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். விழுங்கும் திறனைச் சோதிக்காமல் வாயில் எதையும் கொடுக்காதீர்கள். தயவுசெய்து இதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

பேச முடியாதவர் பாடுகிறாரே, அதை வைத்துப் பேச வைக்க முடியாதா? முடியும், சிலருக்கு. 1973இல் பாஸ்டனில் வடிவமைத்த ஒரு முறை இருக்கிறது. "தண்ணி வேணும்" என்பதை உயர்ந்தும் தாழ்ந்தும் இரண்டு சுரத்தில் இழுத்துச் சொல்லி, நோயாளியின் இடது கையைப் பிடித்து ஒவ்வோர் அசைக்கும் மெல்லத் தட்டுவோம். முதலில் சேர்ந்து பாடுவோம், பிறகு நான் நடுவில் நிறுத்திக்கொள்வேன், பிறகு இராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குவோம். விருதுநகர் அப்பாவைப் போல ஓரளவு புரிந்துகொண்டு பேச முடியாமல் தவிப்பவர்களுக்கு இது பொருந்தும். கோவை அம்மா சொன்ன வகைக்குப் பொருந்தாது. வெறுமனே பழைய பாட்டைப் போட்டுப் பாட வைத்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், செய்யுங்கள், ஆனால் அதனால் மட்டும் பேச்சு வந்துவிடாது.

காலம் கடந்துவிட்டதா என்பது அடுத்த கேள்வி. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆண்டுகள் கழித்துத் தொடங்கியவர்களும் முன்னேறுகிறார்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பு 2016இல் 57 ஆய்வுகளை, ஏறத்தாழ 3,000 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட நன்றாகத் தொடர்புகொண்டார்கள் என்பது அதில் தெரிந்தது. மாதம் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுப் போனால் போதாது. நான் கற்றுத்தருவதை வீட்டில் தினமும் செய்ய வேண்டும். யாரிடம் போனாலும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், அதில் சங்கடப்பட எதுவும் இல்லை. 1965இல் தொடங்கிய மைசூரு அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்தில் விரிவான பரிசோதனை செய்கிறார்கள்.

பக்கவாதம் வந்தவர், திருச்சி

நான் கணக்கு வாத்தியார். நோய் எனக்கு. இடது கையால் அடிக்கிறேன். மகள் பிழை திருத்தினாள்.

சொல் தெரியும். வாய்க்கு வராது. தண்ணி நினைப்பேன், கண்ணாடி வரும். தப்பு என்று எனக்கே தெரியும். அதுதான் கஷ்டம்.

டிவி ஓடினால் முடியாது. நாலு பேர் ஒரே நேரம் பேசினால் முடியாது. கல்யாணத்துக்குப் போவதில்லை. மறுநாள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். அது நல்லது. இரண்டு பேர், நிதானம்.

போன் கஷ்டம். முகம் தெரியாது. வாட்ஸ்அப் குரல் பதிவு நல்லது. திரும்பத் திரும்பக் கேட்கலாம்.

பழைய மாணவன் ஒருவன் வருவான். கணக்குப் போடுவோம். எண் வாயில் தப்பாக வரும். எழுதினால் சரி. அவன் "சார்" என்பான். முன்பு போலவே.

என் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள். கை காட்டினால் சொல் கொடுங்கள்.

மனைவி, கோயம்புத்தூர்

சார் எழுதியதை என் கணவருக்குத் தாளில் பெரிதாக எழுதிக் காட்டினேன். "கரெக்ட்" என்றார், அது சரியான இடத்தில் வந்த சொல்.

ஒரு காரியம் சொல்ல விட்டுப்போனது. பென்ஷன் எடுக்கப் போனபோது, சொல்வது புரியவில்லை, கையெழுத்தும் பொருந்தவில்லை என்று ஒரு வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். கையெழுத்துப் போட முடியாத நோயாளிகள் பெருவிரல் ரேகை வைத்து, இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்டப் பணம் எடுக்கலாம், அதில் ஒருவர் அந்த வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. அதை அச்சிட்டுக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு வேலை நடந்தது. இன்னொன்று, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு என்ற பிரிவில் அஃபேசியா என்றே எழுதியிருக்கிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போகும்போது ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி இவற்றோடு பேச்சுப் பயிற்சியாளர் கொடுத்த மதிப்பீட்டு அறிக்கையையும் எடுத்துப்போங்கள். கை கால் நன்றாக இருக்கிறதே, இவருக்கு என்ன குறை என்று கேட்பவர்களிடம் அந்தத் தாளை நீட்டினால் போதும்.