கொந்தளிப்பு மின்சுமை பார்க்காதா?

கேள்வி:
டோக்கமாக்கில் (பிளாஸ்மா என்ற சூடான அயனி வாயுவைக் காந்தப்புலத்தால் அடக்கி வைக்கும் வளைய வடிவ அணுக்கரு இணைவுக் கருவி) மாசுத் துகள்கள் நகரும் விதத்தைப் பார்க்க, இரு பரிமாணக் கொந்தளிப்புப் புலம் ஒன்றில் சோதனைத் துகள்களை விட்டு ஓட்டுகிறேன். 6 மின்சுமை கொண்ட கார்பனையும் 44 மின்சுமை கொண்ட டங்ஸ்டனையும் ஒரே புள்ளியில் இறக்கினால், இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒரே பாதையில் போகின்றன. டங்ஸ்டன்தானே மையத்தில் போய்க் குவியும் என்கிறார்கள்? நிரலில் எங்கே தேடுவது?

பதில் 1:
தேட வேண்டாம், நிரல் சரி. மின்புலமும் காந்தப்புலமும் குறுக்கிடும்போது வரும் நகர்வின் வேகம் மின்புலத்தைக் காந்தப்புலத்தால் வகுத்தால் வருவது. அதில் நிறையும் இல்லை, மின்சுமையும் இல்லை. சுழிகள் எல்லோரையும் ஒரே மாதிரிதான் இழுத்துப் போகும்.

சுழல் ஆரத்தை (துகள் காந்தப்புலக் கோட்டைச் சுற்றும் வட்டத்தின் ஆரம்) சேர்த்தாலும் மையப் பகுதியில் பெரிதாக எதுவும் மாறாது. கனமான அணு என்றால் ஆரமும் பெரிது என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: நிறை 184, மின்சுமை 44. அதே வெப்பநிலையில், எரிபொருளான டியூட்டீரியத்தின் (கன ஹைட்ரஜன்) ஆரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். விளிம்பில் கதை வேறு. அங்கே மின்சுமை 4 மட்டுமே என்றால் ஆரம் இரண்டு மடங்குக்கு மேல். நிலைமமும் தலைகாட்டும், சுழி சுற்றும் திசையைப் பொறுத்துத் துகள்கள் உள்ளே கூடும், இல்லையேல் விலகும். நிறையை மின்சுமையால் வகுத்த எண்ணை நிலைம உறுப்பில் போட்டுப் பாருங்கள்.

மையத்தில் குவிவது பெரும்பாலும் மோதல்களின் வேலை. எரிபொருள் அயனிகளின் அடர்த்திச் சரிவு (மையத்திலிருந்து வெளியே போகப் போகக் குறைவது) மாசை உள்ளே இழுக்கும், வெப்பநிலைச் சரிவு வெளியே தள்ளும். இரண்டுமே மின்சுமையோடு வளர்பவை, அதனால் கார்பனைவிட டங்ஸ்டனுக்குப் பாதிப்பு அதிகம்.

கேட்டவர்:
அப்போ கொந்தளிப்பை அடக்கினால் நல்லதுதானே?

பதில் 1:
வெப்பத்துக்கு நல்லது, மாசுக்குக் கெட்டது! வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் என்ற ஜெர்மன் இணைவு ஆய்வுக் கருவியில் லேசரால் இரும்பைச் செலுத்திப் பார்த்தார்கள். மோதல் கோட்பாடு சொன்னதைவிடப் பல மடங்கு வேகமாகப் பரவியது. கொந்தளிப்பு குறைந்த நிலைகளில் மாசு நீண்ட நேரம் உள்ளேயே தங்கியது. டங்ஸ்டன் முழுக்க அயனியாகாமல் கதிர்வீசி வெப்பத்தைத் தின்னும். பத்தாயிரத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலே தலைவலி. மையத்தை அலைகளால் சூடாக்குவதற்கு இந்தக் குவிதலைத் தடுப்பதும் ஒரு காரணம்.

பதில் 2:
ஒன்று விட்டுப்போச்சு. டங்ஸ்டனின் வெப்ப வேகம் டியூட்டீரியத்தில் பத்தில் ஒரு பங்கு. பிளாஸ்மா வேகமாகச் சுழன்றால் டங்ஸ்டன் வளையத்தின் வெளிப்புறத்தில் ஒதுங்கும், மோதல் விளைவும் பன்மடங்காகும். இரு பரிமாணத்தில் இது தெரியவே தெரியாது.