எலும்புக்குப் பரவிய பிராஸ்டேட் புற்றுநோய்: ஹார்மோன் ஊசியை இடையில் நிறுத்தலாமா?

திருச்சி மகள்:
வணக்கம். 71 வயதான என் தந்தைக்குப் பிராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவியிருப்பது ஒன்பது மாதங்களுக்கு முன் தெரியவந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு என்ற ஹார்மோன் ஊசியும், அன்றாடம் ஆண் ஹார்மோனை அடக்கும் அபிராடெரோன், ஸ்டீராய்டான பிரெட்னிசோலோன் மாத்திரைகளும் எடுத்துவருகிறார். 186 ஆக இருந்த பி.எஸ்.ஏ. (நோயின் போக்கைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவு) 1.2 ஆகிவிட்டது. ஆனால் இரவில் உடம்பு கொதித்து வியர்த்து, பனியனைக் கழற்றிவிட்டு மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்துவிடுகிறார். சில நாட்களாக மாடிப்படி ஏறவும் காலில் வலுவில்லை என்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓராண்டாக ஊசியே இல்லாமல் நன்றாக இருப்பதைப் பார்த்து, தனக்கும் நிறுத்தச் சொல்கிறார். நிறுத்தலாமா?

ஓய்வுபெற்ற சிறுநீரக மருத்துவர்:
அம்மா, கால் வலுவின்மையை ஊசியின் தலையில் கட்டிவிடாதீர்கள். முதுகெலும்பில் பரவல் உள்ளவருக்குத் தண்டுவடம் அழுத்தப்பட்டாலும் கால் தளரும். அபிராடெரோனால் பொட்டாசியம் குறைந்தாலும் தளரும். முன்னது அவசர நிலை என்பதால், இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கதிர்வீச்சுக்குப் பின் பி.எஸ்.ஏ. மட்டும் ஏறிய 1386 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், எட்டு மாதம் மருந்து கொடுத்து நிறுத்தி, பி.எஸ்.ஏ. 10ஐத் தாண்டியபோது மீண்டும் தொடங்கினார்கள். இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) இப்படி இடைவெளி விட்டவர்களுக்கு 8.8 ஆண்டுகள், தொடர் சிகிச்சையில் 9.1 ஆண்டுகள், இடைவெளி முறை தாழ்ந்ததல்ல என்பது நிறுவப்பட்டது. பரவல் உள்ள 1535 பேரிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்விலோ அது இடைவெளி விட்டவர்களுக்கு 5.1 ஆண்டுகள், தொடர்ந்து எடுத்தவர்களுக்கு 5.8 ஆண்டுகள். தொடர் சிகிச்சையே மேல் என்று இதனால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இடைவெளி விட்டால் இழப்பில்லை என்றும் சொல்ல முடியாமல் போயிற்று. இடைவெளி தந்த நிம்மதியும், மனநலத்திலும் ஆண்மையிலும், மூன்றாம் மாதத்தில்தான் தெளிவாகத் தெரிந்தது. மேலும், இவை அபிராடெரோன் போன்றவை ஆரம்பச் சிகிச்சையில் சேருமுன் நடந்தவை. உங்கள் தந்தையின் நிலையில் நான் நிறுத்தச் சொல்லமாட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு எலும்பில் பரவல் உண்டா என்று விசாரித்தீர்களா?

துணைவி:
என் கணவர் நான்காண்டுகளாக இடைவிடாமல் ஊசி போடுகிறார். இரவு வெப்பத்துக்குத் தனியே மாத்திரை உண்டு. நாங்கள் கேட்ட பிறகுதான் எழுதிக் கொடுத்தார்கள். எலும்பு மெலிகிறதா என்பதை டெக்ஸா ஸ்கேனில் பார்த்து, கால்சியமும் வைட்டமின் டியும் கொடுக்கிறோம். தசை கரையாமலிருக்க, காலையில் நாற்காலியைப் பிடிக்காமல் பத்து முறை எழுந்து உட்காரச் சொல்கிறேன். முதல் மாதம் நான்குக்கு மேல் முடியவில்லை. பிரெட்னிசோலோனை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

திருச்சி மகள்:
ஐயா, அன்று மாலையே எம்.ஆர்.ஐ. எடுத்தோம்; தண்டுவடத்தில் அழுத்தம் இல்லை. பொட்டாசியம் 2.9 ஆக இறங்கியிருந்ததால் இரண்டு நாள் உள்நோயாளியாக வைத்துச் சரிசெய்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு எலும்பில் ஒன்றுமில்லையாம். கதிர்வீச்சுக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறியதற்காக ஊசி போட்டு, இப்போது மூன்று மாதத்துக்கொருமுறை இரத்தப் பரிசோதனை மட்டும் செய்துவருகிறார். அவரே வந்து அப்பாவிடம் இதைச் சொன்னார். அடுத்த ஊசி 14ஆம் தேதி. போட்டுக்கொள்வதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார், வெப்பத்துக்கு மாத்திரை எழுதித் தந்தால்.